வில்லிலிருந்து புறப்பட்ட சொல்

நுழையும்முன்

பேசும் உரிமை அனைவர்க்கும் உண்டு. பேசிய சொல்லால் ஒருவரோ ஒரு தொழிலைச் சார்ந்தோரோ புண்படும்போது, அதற்குரிய விளைவை வழங்குபவர் யார்? எம்முறையில் வழங்குவது? எந்த அளவில் வழங்குவது? சென்னை மாநகரில் வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மந்தைவெளியில் எறியப்பட்ட கல்

மயிலாப்பூருக்குத் தெற்கே அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி மந்தைவெளி. ஆநிரைகள் மேய்ந்த வெளி என்பதனால் அப்பெயர் பெற்றது என்பர். இன்று அங்கு மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. பேருந்து நிலையமும் பறக்கும் தொடர்வண்டி நிலையமும் நெருங்கிய வீடுகளும் நிறைந்த நகர்ப்பகுதியாக அது விளங்குகிறது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அங்குள்ள ஒரு வீட்டின் முன் பத்திரிகையாளர்கள் திரண்டு முழக்கமிட்டனர். அக்கூட்டத்திலிருந்து வீட்டை நோக்கிக் கற்கள் வீசப்பட்டன. நாள்தோறும் சொற்களைக் கொண்டு பணி செய்வோர் திரண்ட இடத்தில் கல் பறந்தது ஏன்?

அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சென்னை ஆளுநர் மாளிகையில் செய்தியாளர் சந்திப்பு நடைபெற்றது. அதன் முடிவில் பெண் செய்தியாளர் ஒருவர் வினா எழுப்பினார். அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் அதற்கு விடை கூறாமல், அவருடைய கன்னத்தில் தட்டினார். தம் இசைவின்றித் தம்மைத் தொட்டதனை அச்செய்தியாளர் கண்டித்தார். பத்திரிகையாளர் பலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மறுநாள் ஆளுநர் கடிதம் வாயிலாக மன்னிப்புக் கோரினார்.

அத்துடன் அந்நிகழ்வு முடிந்திருக்கக்கூடும். ஆனால், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதிய பதிவு ஒன்றை, நாடக, திரைப்பட நடிகரும் மயிலாப்பூர்த் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர் தம் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். அப்பதிவின் சொற்கள் இங்கு எடுத்துரைக்கத்தக்கன அல்ல. ஊடகத்துறையில் பெண்கள் பெறும் வாய்ப்பும் உயர்வும் திறமையால் அமைவன அல்ல என்று கூறி, அவர்தம் ஒழுக்கத்தின்மீது பழி சுமத்துவதாக அது அமைந்திருந்தது. எதிர்ப்பு எழுந்தவுடன் அவர் பதிவை நீக்கினார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகக் கூறி மன்னிப்பும் கோரினார். எனினும், அதற்குள் அப்பதிவு பலரைச் சென்றடைந்திருந்தது. அதன் எதிர்வினையே மந்தைவெளியில் அவர் இல்லத்தின் முன் நிகழ்ந்த போராட்டம். கல்வீச்சுத் தொடர்பாகக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. பதிவைப் பகிர்ந்தமைக்காகச் சேகர்மீது தனியே வழக்குப் பதிவானது.

இவ்வாறு ஒரே நிகழ்விலிருந்து இருவகை வழக்குகள் பிறந்தன. ஒன்று சொல்லைப் பற்றியது. மற்றொன்று கல்லைப் பற்றியது. இரண்டையும் ஒருசேர நோக்கினால்தான் கருத்துரிமை என்பதன் முழுப்பொருள் விளங்கும்.

ஒரு தொழிலை இழித்துரைத்தல்

தனி ஒருவரைப் பழிப்பதற்கும் ஒரு தொழிலில் உள்ள ஒரு பிரிவினரைப் பழிப்பதற்கும் வேறுபாடு உண்டு. தனி ஒருவர்மீது கூறப்படும் பழியை அவர் தம் வாழ்க்கையையும் பணியையும் சான்றாகக் காட்டி மறுக்க இயலும். ஒரு பிரிவினர் அனைவர்மீதும் பழி சுமத்தப்படும்போது, அதனை மறுக்கும் சுமை அப்பிரிவிலுள்ள ஒவ்வொருவர் தோளிலும் ஏறுகிறது. வெள்ளத்தில் நின்று செய்தி திரட்டியவர், நள்ளிரவில் செய்தி அறையில் பிழை திருத்தியவர், புதிதாகப் பணியில் சேர்ந்தவர் என எவரும் விலக்குப் பெறுவதில்லை. அவர்கள் எழுதிய செய்தி படிக்கப்படுவதற்கு முன்பே அவர்களைப் பற்றிய ஐயம் படிப்பவர் மனத்தில் விதைக்கப்பட்டுவிடுகிறது.

தொழில் என்பது வருவாய் ஈட்டும் வழி மட்டும் அன்று. வழக்குரைஞர், மருத்துவர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோர் பிறர் நம்பிக்கையைக் கொண்டே பணியாற்றுகின்றனர். அந்நம்பிக்கையைத் தகுந்த காரணத்தோடு ஐயுறுவது திறனாய்வு. பிறப்பு, பால், சாதி, சமயம், நிறம் ஆகியவற்றைக் காட்டி அந்நம்பிக்கையைப் பறிப்பது இழித்துரை. 'இச்செய்தி தவறு, இன்னின்ன சான்றுகள் இதற்கு மாறாக உள்ளன' என்பது முன்னது. 'இதை எழுதியவர் பெண். ஆகவே இது இவ்வாறுதான் இருக்கும்' என்பது பின்னது. முன்னதற்கு விடையளிக்க இயலும். பின்னது விடையை எதிர்பார்ப்பதே இல்லை.

நீதிமன்றங்கள் கூறியவை

சேகர் முன்பிணை கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். 2018ஆம் ஆண்டு மே மாதம் நீதியரசர் எஸ். ராமதிலகம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தார். பிறர் எழுதியதைத் தாம் வெறுமனே பகிர்ந்ததாகக் கூறப்பட்ட வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சமூக ஊடகத்தில் ஒரு செய்தியைப் பகிர்வது அதனை ஏற்று வழிமொழிவதற்கு ஒப்பாகும் என்று நீதிமன்றம் கருதியது. மேலும், என்ன சொல்லப்பட்டது என்பதைப் போலவே யார் சொன்னார் என்பதும் முதன்மையானது என்று சுட்டியது. பலர் அறிந்த ஒருவர் கூறும் சொல்லை மக்கள் எளிதில் நம்பிவிடுவர் என்பதே அதன் காரணம்.

தம்மீதான வழக்குகளை நீக்கக் கோரி அவர் தொடுத்த மனுவை 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் தள்ளுபடி செய்தார். அத்தீர்ப்பில் இடம்பெற்ற உவமை நினைவில் கொள்ளத்தக்கது. அனுப்பப்பட்ட செய்தி, வில்லிலிருந்து விடுபட்ட அம்பைப் போன்றது. கையில் உள்ளவரை அம்பு எய்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கும். விடுபட்டபின் அது விளைக்கும் தீங்கிற்கு எய்தவரே பொறுப்பேற்க வேண்டும். தீங்கு நேர்ந்தபின் மன்னிப்பு ஒன்றைக் கூறி விலகிவிடுதல் எளிதன்று என்பது அவ்வுவமையின் கருத்து.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் உச்சநீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, கண்ணில் மருந்து இட்டிருந்தமையால் பதிவின் உள்ளடக்கத்தைப் படிக்க இயலவில்லை என்று அவர் சார்பில் வாதிடப்பட்டது. சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவோர் அதன் வீச்சையும் விளைவையும் அறிந்து கவனத்தோடு செயல்பட வேண்டும் என்று கூறி, உச்சநீதிமன்றம் தலையிட மறுத்தது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையிலுள்ள சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீடு செய்வதற்காக அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உயர்நீதிமன்றம் அத்தண்டனையை உறுதிசெய்தது. அதன்பின் வழக்கு உச்சநீதிமன்றத்தின் முன் சென்றது.

ஒரு விரலசைவில் நிகழ்ந்த பகிர்வு. அதற்கு விடை காண ஆண்டுகள் பல. எனினும், அவ்வாண்டுகள் வீணானவை அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பை ஒவ்வொரு படியிலும் எடுத்துரைக்க வாய்ப்புப் பெற்றார். சட்டத்தின் வழியில் அமைந்த விளைவுக்கும் கல்வீச்சுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவேயாகும். கல் எவர் வாதத்தையும் கேட்பதில்லை.

உரிமையும் அதன் எல்லையும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பேச்சுரிமையையும் கருத்து வெளிப்பாட்டு உரிமையையும் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. அப்பிரிவின் வலிமையை முதலில் உணர்த்திய வழக்குகளுள் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. மும்பையிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழ் சென்னை மாகாணத்திற்குள் நுழைவதற்கு மாகாண அரசு தடை விதித்தது. அதனை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தடையைச் செல்லாது என அறிவித்தது. 1951ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. பேச்சுரிமையின்மீது விதிக்கப்படும் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருத்தல் வேண்டும் என்னும் சொல் அத்திருத்தத்தின் வழியே இடம்பெற்றது. பொது ஒழுங்கு உள்ளிட்ட சில காரணங்களும் அப்போது சேர்க்கப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

பேச்சுரிமையின்மீது நியாயமான கட்டுப்பாடு விதிப்பதற்கு அரசமைப்புச் சட்டம் ஏற்கும் காரணங்கள் எட்டு: இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல். 'பிறர் மனம் வருந்துதல்' என்பது இவ்வெட்டனுள் ஒன்றாக இடம்பெறவில்லை.

மனவருத்தம் மட்டுமே ஒரு சொல்லைக் குற்றமாக்கிவிடாது என்பதற்கு மற்றொரு வழக்கு சான்றாகும். 2012ஆம் ஆண்டு நவம்பரில் மும்பையில் அரசியல் தலைவர் ஒருவரின் மறைவையொட்டிக் கடைகள் அடைக்கப்பட்டன. அதன் தேவை குறித்து மகாராட்டிர மாநிலத்தின் பால்கர் நகரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முகநூலில் வினா எழுப்பினார். அவருடைய தோழி அப்பதிவிற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரும் கைது செய்யப்பட்டனர். இதனைக் கண்ட ஸ்ரேயா சிங்கால் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பிறர்க்குத் தொல்லையோ வெறுப்போ தரும் செய்தியை இணையவழி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் செல்லாததாயிற்று. தொல்லை, வெறுப்பு என்னும் சொற்களுக்கு வரையறை இல்லை. ஒருவர்க்குத் தொல்லையாகத் தோன்றுவது மற்றொருவர்க்கு உண்மையாகத் தோன்றலாம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பால்கரில் விருப்பம் தெரிவித்தவரைக் கைது செய்தது தவறென்றால், மந்தைவெளியில் பகிர்ந்தவரைத் தண்டித்தது எவ்வாறு சரியாகும்? இரண்டும் பிறர் சொல்லை வழிமொழிந்தவையே. விடை, சொல்லின் பொருளில் உள்ளது. பால்கர்ப் பெண் ஒரு பொதுநிகழ்வின் தேவையை வினவினார். எவருடைய மாண்பையும் குலைக்கவில்லை. மந்தைவெளிப் பதிவோ பெண்களின் மாண்பைக் குலைக்கும் இழிசொற்களைக் கொண்டிருந்தது. அத்தகைய சொற்களைப் பற்றிச் சட்டத்தில் தெளிவாக வரையறுக்கப்பட்ட பிரிவுகள் முன்பே இருந்தன. வழக்கு அவற்றின்கீழ்த் தொடரப்பட்டது. அதிகாரத்திற்கோ கூட்டத்திற்கோ பிடிக்காத கருத்து என்பது வேறு. மனிதரின் மாண்பைப் பறிக்கும் இழிசொல் என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே கருத்துரிமைக் கல்வியின் முதற்பாடமாகும்.

சொல்லுக்குச் சொல்லே விடை

சட்டத்தின் துணையை நாடாமலும் கல்லைக் கையில் எடுக்காமலும் இழித்துரையை எதிர்கொண்ட முன்னோரும் சென்னையில் வாழ்ந்தனர். தஞ்சைப் பகுதியில் 1832ஆம் ஆண்டு பிறந்த தி. முத்துசாமி ஐயர், இளமையில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்குப் பணியாற்றியவர். வறுமையிலும் கல்வியைக் கைவிடாது உயர்ந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் என்னும் சிறப்பைப் பெற்றார்.

அந்நியமனத்தை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் கடுமையாகத் தாக்கின. அவர் வழங்கிய தீர்ப்புகளில் குறை கண்டு எழுந்த தாக்குதல் அன்று அது. இந்தியர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்வதையே அவை ஏற்க மறுத்தன. இந்தியரின் தரப்பை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க அக்காலச் சென்னையில் வலிமையான இதழ் இல்லை.

இந்நிலையில் இளைஞர் அறுவர் ஒன்றுகூடினர். ஜி. சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார் ஆகிய இருவரும் ஆசிரியர்கள். ஏனைய நால்வரும் சட்டம் பயின்ற மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்று, 80 படிகளை அச்சிட்டு, 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' இதழை வெளியிட்டனர். வாரம் ஒருமுறை வெளிவந்த அவ்விதழ் பின்னர் நாளிதழாக வளர்ந்தது. சுப்பிரமணிய ஐயர் அத்துடன் நிற்கவில்லை. ஆங்கிலம் அறியாத மக்களும் நாட்டு நடப்பை அறிய வேண்டும் என்னும் நோக்கோடு 1882ஆம் ஆண்டு 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார்.

முத்துசாமி ஐயரைத் தாக்கிய இதழ்களை மூடும்படி அவ்விளைஞர்கள் கோரவில்லை. அவை பேசிய மேடையில் தமக்கும் ஓர் இடத்தை உருவாக்கிக்கொண்டனர். தாக்கிய சொற்கள் காலத்தில் மறைந்தன. விடையாக எழுந்த சொற்கள் நிலைத்தன. முத்துசாமி ஐயரோ தம் தீர்ப்புகளாலேயே விடையளித்தார். பிற்காலத்தில் பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். அவருடைய சிலை இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ளது.

ஆயினும், இவ்வழி எல்லார்க்கும் எல்லாக் காலத்தும் எளிதாக வாய்ப்பதன்று. இதழ் தொடங்க எழுத்தறிவும் நட்பும் துணிவும் வேண்டும். எதிர்ச்சொல் கூற மேடையற்றவர்க்குச் சட்டமும் முறையான அமைப்புகளும் துணை நிற்றல் இன்றியமையாதது.

அதிகாரமே நீதிபதியாகும்போது

விளைவு வழங்குவோர் அளவு தவறினால் என்ன நேரும் என்பதனை 1987ஆம் ஆண்டு நிகழ்வு காட்டுகிறது. அவ்வாண்டு மார்ச்சு 29ஆம் நாளிட்ட 'ஆனந்த விகடன்' இதழின் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெளிவந்தது. மேடையில் அமர்ந்துள்ள இருவருள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்னும் வினாவிற்கு, ஒருவரைப் பிக்பாக்கெட் போலவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரர் போலவும் சுட்டி விடை கூறுவதாக அது அமைந்திருந்தது. எவர் பெயரும் அதில் இடம்பெறவில்லை.

இதனைச் சட்டமன்றம் தன் உரிமையை மீறிய செயலாகக் கருதியது. மன்னிப்புக் கேட்க இதழின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4ஆம் நாள் பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன், ஆசிரியருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையை அறிவித்தார். ஆசிரியர் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். நாடெங்கும் பத்திரிகையாளர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. சில நாள்களில் அவர் விடுதலை செய்யப்பட்டார்.

விடுதலையோடு அவர் அமைதி கொள்ளவில்லை. உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1994ஆம் ஆண்டு தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்தது. அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் கிடைத்தது. தொகை சிறியது, அதன் பொருள் பெரியது. தன்னைக் குறித்த நகைச்சுவைக்குத் தானே குற்றம் சாட்டி, தானே விசாரித்து, தானே தண்டித்தது அன்றைய அவை. பழிக்கப்பட்டவர் தாமே தீர்ப்பு வழங்கும் இடத்தில் நீதி நிலைப்பது அரிது என்பதனை அந்நிகழ்வு உணர்த்தியது.

அத்துணுக்கும் ஒரு தொழிற்பிரிவினரைப் பொதுவாகப் பழித்ததுதானே என்று வினவலாம். ஆம். எனினும், அங்கே நகைக்கு ஆளானோர் ஆட்சி அதிகாரம் உடையோர். மக்களின் வரிப்பணத்தையும் சட்டத்தையும் கையாள்வோர். அவர்களை எள்ளி நகையாடும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. மேலும், அவ்வெள்ளல் அவர்கள் வகித்த பதவியை நோக்கியதே அன்றி, பிறப்பையோ பாலையோ நோக்கியதன்று. வலியோரை நோக்கி எழும் நகைச்சுவையையும் பணியிடத்தில் மெல்லக் காலூன்றுவோரை வீழ்த்தும் இழிசொல்லையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் தகாது.

தொழில் அமைப்புகளும் இயற்கை நீதியும்

ஒவ்வொரு சொல்லுக்கும் நீதிமன்றத்தையே நாட வேண்டுவதில்லை. தொழில்சார் சமூகங்கள் தமக்கெனச் சில ஒழுங்குமுறைகளை வகுத்துள்ளன. 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தின்படி, நெறி தவறிய வழக்குரைஞர்மீது மாநிலப் பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு விசாரணை நடத்துகிறது. கண்டித்தல், குறிப்பிட்ட காலம் தொழில் செய்வதை நிறுத்திவைத்தல், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குதல் எனக் குற்றத்திற்கு ஏற்பத் தண்டனை படிப்படியாக அமைகிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியப் பிரஸ் கவுன்சில், பத்திரிகை நெறியை மீறிய இதழை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். சிறையிலடைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

பணியிடத்தில் பெண்கள் எதிர்கொள்ளும் இழிசொற்களுக்கென 2013ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பாலியல் சார்ந்த பேச்சும் அச்சட்டத்தின்படி துன்புறுத்தலே. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் புகார்க் குழு இருத்தல் வேண்டும். நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் அளித்தலும், தொண்ணூறு நாள்களுக்குள் விசாரணையை முடித்தலும் முறை. சுமத்தப்பட்ட புகாரை அறியவும் அதற்கு விடை கூறவும் எதிர்த்தரப்பினர்க்கு வாய்ப்பு வழங்கப்படுகிறது.

இவ்வமைப்புகள் அனைத்திற்கும் அடிப்படையாக விளங்குவது இயற்கை நீதி என்னும் கோட்பாடு. அதன் கூறுகள் இரண்டு. எவரையும் அவர் தரப்பைக் கேளாது தண்டித்தல் கூடாது என்பது ஒன்று. தம் வழக்கிற்குத் தாமே நீதிபதியாக இருத்தல் கூடாது என்பது மற்றொன்று. 1987இல் மீறப்பட்டது இவ்விரண்டாம் கூறு. மந்தைவெளியில் கல் எறிந்தவர்கள் மீறியவை இரண்டுமே. அவர்களுடைய சினத்திற்குக் காரணம் இருந்தது. அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. ஆனால், கல் பறந்த அந்நொடியில், இழிவுபடுத்தப்பட்ட பெண்களைப் பற்றிய பேச்சு மறைந்து, உடைந்த பொருள்களைப் பற்றிய பேச்சு தொடங்கியது. நியாயம் உடையவர் முறை தவறும்போது, தம் நியாயத்தைத் தாமே மறைத்துவிடுகின்றனர்.

மன்னிப்பின் இடம்

இழித்துரைத்தவர் மன்னிப்புக் கோரினால் விளைவு முற்றிலும் நீங்கிவிடுமா? மன்னிப்பு, புண்பட்டவரோடு மீண்டும் உறவு கொள்ள நீட்டும் கை. அதனை ஏற்பதும் மறுப்பதும் புண்பட்டவரின் உரிமை. பழியைப் போக்கிக்கொள்ளும் விரைவில் கோரும் மன்னிப்பிற்கும், தாம் விளைத்த தீங்கு இன்னதென உணர்ந்து கோரும் மன்னிப்பிற்கும் வேறுபாடு உண்டு. 'எவரேனும் வருந்தியிருந்தால்' என்று தொடங்கும் மன்னிப்பு, தவறு நிகழ்ந்ததா என்பதனையே ஐயத்திற்குரியதாக்குகிறது. தாம் செய்ததைக் குறைக்காமல் கூறுதலும், பழி எவ்வளவு பரவியதோ அவ்வளவு தொலைவிற்குத் திருத்தமும் சென்றடையுமாறு செய்தலும், மீண்டும் அதனைச் செய்யாதிருத்தலும் நல்ல மன்னிப்பின் இலக்கணம் எனலாம்.

மறுபுறம், உண்மையாக வருந்தியவர்க்கு மீளும் வழியை அடைத்துவிடும் சமூகமும் நல்ல சமூகம் அன்று. விளைவு என்பது திருத்துவதற்கே, அழிப்பதற்கன்று. ஒரு சொல்லுக்காக ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் பறிப்பது முறையா, அச்சொல் எத்தகையது, எத்தனை முறை கூறப்பட்டது, கூறியவர் பின்னர் என் செய்தார் என்பனவெல்லாம் நிறுத்துப் பார்க்கத்தக்கவை.

நிறைவாக

இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை, அவையறிதல் எனச் சொல்லைப் பற்றியே பல அதிகாரங்களை வகுத்தது திருக்குறள். பேசாதிரு என்று அது மாந்தரைத் தடுக்கவில்லை; அவையஞ்சாமை என்றும் ஓர் அதிகாரம் அதில் உண்டு. அஞ்சாமல் பேசுதலும் அறிந்து பேசுதலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது அந்நூலின் அமைப்பிலேயே விளங்குகிறது.

1878இல் ஆறு இளைஞர்கள் சொல்லுக்குச் சொல்லால் விடையளித்தனர். 1987இல் அதிகாரம் சொல்லுக்குச் சிறையால் விடையளித்தது. நீதிமன்றம் பின்னர் அதனைத் திருத்தியது. 2018இல் ஒரு சொல்லுக்குக் கல்லும் சட்டமும் தனித்தனியே விடையளித்தன. சொல்லுக்கு விளைவு உண்டு என்பதில் இம்மூன்று நிகழ்வுகளும் ஒன்றுபடுகின்றன. அவ்விளைவை வழங்குவோர் யார், வழங்கும் முறை யாது, அதன் அளவு யாது என்பவற்றில் அவை வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டில்தான் ஒரு சமூகத்தின் சுதந்திரம் அடங்கியுள்ளது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திறன்பேசி உள்ளது. வகுப்புத் தோழர் குழுவிற்கு வந்து சேரும் ஒரு கேலிப்படத்தைப் பிறர்க்கு அனுப்புவதற்கு ஒரு நொடி போதும். அப்படத்தில் இருப்பவரும் ஒருநாள் ஒரு தொழிலில் சேர்வார்; தம் பெயரால் பிறர் நம்பிக்கையைப் பெறுவார். அனுப்பும் பொத்தானின்மேல் விரல் நிற்கும் அந்த ஒரு நொடியில், அம்பு இன்னும் வில்லில்தான் இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. 'படிக்காமல் பகிர்ந்தேன் என்பது ஏற்கத்தக்க காரணமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக. இரு தரப்பினர்க்கும் ஒத்த நேரம் வழங்குக.

2. பால்கர் நிகழ்வையும் மந்தைவெளி நிகழ்வையும் ஒப்பிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

3. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் ஒரு தொழில் செய்வோரைக் கேலி செய்யும் காட்சி இடம்பெற்றதாகவும், அத்தொழிலைச் சார்ந்த பெற்றோர் ஒருவர் வருந்தியதாகவும் கொள்க. இயற்கை நீதியின் இரு கூறுகளையும் பின்பற்றி அதனை எவ்வாறு தீர்ப்பீர் என ஒரு பக்க அளவில் எழுதுக.

4. திறனாய்வு, நகைச்சுவை, இழித்துரை ஆகியவற்றின் வேறுபாட்டை நாளிதழ்களிலிருந்து திரட்டிய எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.